ஒதுங்கத் தெரிந்தவர்கள்

எங்கள் பயிற்சி மையத்தின் வகுப்பறைச் சுவரில் ஒரு பலகை தொங்குகிறது. ‘தற்காப்பு ஓட்டுநர் பயிற்சியின் பயன்கள்’ என்று தலைப்பு. கீழே ஏழு வரிகள். ஒவ்வொரு திங்கட்கிழமையும் புதிதாக வரும் ஓட்டுநர்களுக்கு அவற்றை உரக்கப் படித்துக் காட்டுவது என் வேலை. நாற்பது பேர் முன்னால் நின்று பேச எனக்கு வராது. அதனால் பலகைப் பக்கம் திரும்பி நின்று படிப்பேன். மேடத்தின் சடை நன்றாகப் பாடம் நடத்துகிறது என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அது நான் வேலைக்குச் சேர்ந்த வாரம். இரண்டு வருடம் ஆகிவிட்டது. இப்போதும் திரும்பித்தான் நிற்கிறேன்.

ஏழு வரிகளையும் நான் நம்பினேன். முன்னால் போகும் வண்டிக்கும் நமக்கும் மூன்று விநாடி இடைவெளி இருந்தால் பாதி விபத்துகள் நடக்காது. வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும். இதெல்லாம் இயற்பியல், நான் படித்ததே அதுதான். ஏழாவது வரி மட்டும் வேறு மாதிரி இருக்கும். ‘தவறு யாருடையதாக இருந்தாலும் தவிர்ப்பவர் நீங்களாக இருங்கள்.’ அது பயன் அல்ல, அறிவுரை. அது ஏன் இந்தப் பலகையில் இருக்கிறது என்று நான் யோசித்ததில்லை.

மையம் நாமக்கல்லுக்கு வெளியே, மோகனூர் சாலையில் இருக்கிறது. லாரி, வேன், டாக்சி என்று மஞ்சள் நம்பர் பலகை வைத்த வண்டி ஓட்டும் எல்லோரும் மூன்று வருடத்துக்கு ஒருமுறை இங்கே ஐந்து நாள் பயிற்சி எடுக்க வேண்டும். கடைசி நாள் தேர்வு. அதற்கு ஒரு கூண்டு இருக்கிறது. லாரியின் முன்பகுதியை வெட்டி எடுத்து அறைக்குள் வைத்தது போல இருக்கும். கண்ணாடிக்குப் பதில் திரை. திரையில் சாலை ஓடும். சாலையில் வரக்கூடாதவை எல்லாம் ஒவ்வொன்றாக வரும். ஓட்டுநர் அவற்றை எப்படித் தவிர்க்கிறார் என்று பக்கத்து அறையிலிருந்து பார்த்து, இயந்திரம் போடும் மதிப்பெண்ணை அவருடைய அட்டையில் ஏற்றுவேன். நாற்பதுக்குக் கீழே போனால் வேலை போய்விடும். மதிப்பெண் கூடக்கூட நல்ல முதலாளி, நல்ல வண்டி.

அட்டையைப் பெட்டியில் செருகினால்தான் வண்டி கிளம்பும். அந்தப் பெட்டி ஐந்து வருடமாக எல்லா வண்டியிலும் கட்டாயம். என் ஸ்கூட்டரிலும் உண்டு. அரசாங்கம் வைத்த பெயர் நீளமானது. ஓட்டுநர்கள் அதைப் பஞ்சாயத்து என்கிறார்கள். இரண்டு வண்டிகள் மோதிக்கொள்வது போல வந்தால், இரண்டின் பெட்டிகளும் கண்ணிமைப்பதற்குள் பேசி, யார் போவது, யார் ஒதுங்குவது என்று முடிவு செய்துவிடும். ஒதுங்க வேண்டியவருக்கு ஸ்டியரிங் அதிரும். எந்தப் பக்கம் என்று ஒரு பெண்குரல் சொல்லும். ஒதுங்கியதும் அதே குரல் ‘நன்றி’ என்று சொல்லும். மற்ற வண்டியை, தேவைப்பட்டால், பெட்டியே பிரேக் பிடித்து நிறுத்திவிடும்.

என் ஸ்கூட்டரில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. எதிரில் வருபவர்கள் எனக்காக வேகம் குறைப்பார்கள், ஒதுங்குவார்கள். நான் மெதுவாக, ஓரமாகப் போகிறவள். அதனால்தான் என்று நினைத்திருந்தேன். வேலையில் சேர்ந்தபோது நானும் தேர்வு எழுத வேண்டுமா என்று மேலாளர் தங்கராசு சாரிடம் கேட்டேன். உனக்கு எதுக்கும்மா அதெல்லாம் என்று சொல்லிவிட்டார். என் கூச்சம் தெரிந்து விட்டுவிட்டார் என்று அப்போது மனதுக்குள் நன்றி சொல்லிக்கொண்டேன்.

செங்கோட்டுவேல் அண்ணா போன வருடம் ஆடி மாதம் வந்தார். நாற்பத்தாறு வயது. முட்டை வண்டி ஓட்டுகிறவர். இருபது வருடமாக நாமக்கல்லிலிருந்து பாலக்காட்டுக்கு முட்டை ஏற்றிப் போகிறார். முட்டை ஏற்றுகிற ஓட்டுநர்களை நான் கூண்டுக்குள் பார்த்தவுடனேயே கண்டுபிடித்துவிடுவேன். அவர்கள் பிரேக்கை மிதிப்பதில்லை. அதன்மேல் காலை வைக்கிறார்கள். முன்னால் எது நடக்கப் போகிறது என்று அரைக் கிலோமீட்டர் முன்பே பார்த்து, வேகத்தைக் கரைத்துவிடுகிறார்கள். அண்ணா அவர்களிலும் ஒரு படி மேல். திரையில் ஒரு சைக்கிள் குறுக்கே வரும் இடம் உண்டு. முக்கால்வாசிப் பேர் அங்கே தடுமாறுவார்கள். அவருக்கு அங்கே எதுவுமே நடக்கவில்லை. சைக்கிள் வந்தது, போனது. மையம் ஆரம்பித்ததிலிருந்து யாரும் வாங்காத தொண்ணூற்றேழு வாங்கினார். தங்கராசு சார் அவருக்குச் சால்வை போட்டுப் படம் எடுத்தார். அந்தப் படம் பலகைக்குப் பக்கத்தில் மாட்டப்பட்டது.

அதே வாரத்தில் வந்தவள் கோகிலவாணி. என்னைவிட ஒரு வயது சின்னவள். அந்த வகுப்பில் ஒரே பெண். பால் வண்டி ஓட்டும் வேலைக்குப் போவதாக இருந்தாள். அங்கே எழுபத்தைந்து கேட்டார்கள். அவளுக்கு வந்தது அறுபத்திரண்டு. முகத்தைத் துடைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தாள். மூன்று நாள் சாயங்காலம் மையத்தைப் பூட்டாமல் அவளைக் கூண்டில் உட்கார வைத்து நான் சொல்லிக் கொடுத்தேன். ஆட்களுடன் பேசவே தயங்குகிறவள் நான். அவளிடம் மணிக்கணக்கில் பேசினேன். ஸ்டியரிங் அதிர்ந்ததும் பயப்படாதே, கையை இறுக்காதே, மண்ணில் டயர் இறங்கினால் உடனே ஏற்றப் பார்க்காதே என்றெல்லாம். எண்பத்தொன்று வாங்கினாள். அடுத்த வாரம் ஒரு தூக்குப்போசியில் திரட்டுப்பால் கொண்டுவந்து என் மேசையில் வைத்துவிட்டு, “அக்கா, இது உங்க மார்க்கு” என்று சொல்லிப் போனாள்.

எட்டு மாதம் கழித்து அண்ணா திரும்பி வந்தார். அவருக்கு இன்னும் இரண்டு வருடத்துக்கு மேல் வர வேண்டியதில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, என் மேசை முன்னால் நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னார்.

“ஏனுங்க அம்மணி, அந்த மார்க்கைக் கொஞ்சம் கொறைச்சுப் போட முடியுங்களா?”

யாரும் அப்படிக் கேட்டதில்லை. உட்காரச் சொன்னேன். மெதுவாக ஆரம்பித்தார். ஓட்டுநர் இல்லாமல் தானாக ஓடும் கார்களை அவர் தூங்குமூஞ்சி வண்டி என்பார். உள்ளே இருப்பவர்கள் எப்போதும் தூங்கிக்கொண்டு போவதால். புது அட்டை போட்ட நாளிலிருந்து அந்தக் கார்கள் தன்னைப் பார்த்தால் வேகம் குறைப்பதே இல்லை என்றார். குறுகிய பாலமாக இருந்தாலும் சரி, வளைவாக இருந்தாலும் சரி, அவர்தான் ஒதுங்க வேண்டியிருக்கிறது. முன்பெல்லாம் பாலக்காடு போய் வருவதற்குள் நாலு தடவை ஒதுங்கினால் அதிகம்.

“இப்ப ஒரு நடைக்கு நாப்பது நன்றி வாங்கறேனுங்க. அத்தனை நன்றிய வெச்சுட்டு என்னங்க பண்றது? போன வாரம் வாளையார்கிட்ட ரண்டு சக்கரம் அந்தரத்துல நின்னுச்சு. அப்பவும் நன்றிங்குது.”

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. வீட்டில் பெண் பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறாள், மனைவிக்கு இதையெல்லாம் சொல்லவில்லை என்றார். இப்படியே போனால் ஒரு நாள் ஒதுங்க இடம் இல்லாத இடத்தில் ஒதுங்கச் சொல்லும் என்றார்.

மதிப்பெண்ணை நானாக மாற்ற முடியாது, மறுபடி தேர்வு எழுதலாம் என்று சொன்னேன். வேண்டுமென்றே மோசமாக ஓட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்தது. கூண்டில் ஏறினார்.

நான் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். தாடையை இறுக்கிக்கொண்டு ஸ்டியரிங்கைப் பிடித்திருந்தார். திரையில் நாய் வந்தது. அவர் கால் தானாக பிரேக்கில் அமர்ந்தது. தவறான பக்கத்தில் பைக் வந்தது. கை தானாகத் திரும்பியது. தொண்ணூற்றாறு. இன்னொரு முறை கேட்டார். சைக்கிள் வந்த இடத்தில் அவர் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். மூடுவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்திருந்தார். தொண்ணூற்றைந்து. மூன்றாவது முறையும் அதேதான்.

சட்டை நனைந்து இறங்கி வந்தார். “கண்ணு சொன்னதக் கேக்குதுங்க. காலு கேக்க மாட்டீங்குது” என்றார். திரையில் இருப்பது படம்தான் என்று எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். ஆனாலும் அந்தச் சைக்கிள் பையன்மேல் ஏற்ற அவரால் முடியவில்லை.

அன்று மாலையே மாவட்டப் பதிவுகளை எடுத்தேன். பெட்டிகள் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் எங்கள் கணினிக்கு வரும். பயிற்சியை மேம்படுத்த என்று சொல்லித்தான் கொடுத்திருக்கிறார்கள்; யாரும் திறந்து பார்ப்பதில்லை. நான்கு நாள் பார்த்தேன். இரண்டு வண்டிகள் எதிர்ப்பட்ட இடத்திலெல்லாம், பத்தில் ஒன்பது முறை, மதிப்பெண் அதிகம் உள்ளவரே ஒதுங்கியிருந்தார். யார் தவறு செய்தார் என்ற கட்டமே அந்தப் பதிவில் இல்லை. தானாக ஓடும் கார்களுக்கு மதிப்பெண் கிடையாது. சொந்த வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தேர்வு கட்டாயம் இல்லை, அவர்களுக்கும் கிடையாது. சாலையில் மதிப்பெண்ணோடு போகிறவர்கள் வயிற்றுப்பாட்டுக்கு வண்டி ஓட்டுகிறவர்கள் மட்டும்தான்.

பெட்டி வருவதற்கு முந்தைய வருடம் எங்கள் மாவட்டச் சாலைகளில் இறந்தவர்கள் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். போன வருடம் அறுபத்தொன்று. அந்த அறுபத்தொன்றில் நாற்பத்தெட்டு பேருக்கு அட்டையில் மதிப்பெண் ஏற்றியவள் நான்.

தாள்களை எடுத்துக்கொண்டு தங்கராசு சார் அறைக்குப் போனேன். அவர் மோட்டார் வாகன ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சாலையில் கிடந்த உடல்களை முப்பது வருடம் பார்த்தவர். நான் திக்கித் திக்கிச் சொல்லி முடிக்கும்வரை குறுக்கிடவில்லை. தாளை வாங்கி, கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

“பெட்டி யாரைக் கேக்கும் ரஞ்சனி? முடியறவனைத்தான் கேக்கும். ஒதுங்கத் தெரியாதவனை ஒதுங்கச் சொன்னா ரெண்டு பேரும் சாவாங்க.”

“ஆனா சார், தப்புப் பண்றது...”

“தப்பை யாரு பாக்கறா? மொத்தத்துல கொறைஞ்சிருக்கா, இல்லியா? நூத்தம்பது பேரு வீட்டுல இருக்காங்க. அவங்ககிட்டப் போயி உன் கணக்கைச் சொல்லு.”

நானும் கணக்குப் போட்டுப் பார்த்திருந்தேன். எல்லோருடைய மதிப்பெண்ணையும் அழித்துவிட்டால் அறுபத்தொன்று மறுபடி இருநூறைத் தாண்டும். கணக்கில் பிழை இல்லை. நான் தேடியதே ஒரு பிழையைத்தான்.

தாள்களை வாங்கிக்கொண்டு திரும்பினேன். கதவருகே போனதும் கூப்பிட்டார். யார் கேட்டது என்றார். சொன்னேன். சால்வை போட்ட படம் அவர் நினைவுக்கு வந்திருக்க வேண்டும்.

“கொறைக்கறதுன்னா மேல எழுதி அனுமதி வாங்கணும். காரணம் கேப்பான். இடது கண் பார்வைக் குறைவுன்னு போடு. நான் கையெழுத்துப் போடறேன். நாப்பதுக்குக் கீழ போயிடாமப் பாத்துக்க.”

இது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்கவிருந்தேன். அவரே சொன்னார்.

“வேலையில இருந்தப்ப எங்களுக்கும் தேர்வு வெச்சாங்க. இப்ப என் அட்டையில முப்பத்தெட்டு. எனக்கும் அதே கண்ணுதான்.”

அவர் கண்ணாடி போடுவதில்லை. மைதானத்தின் அந்தக் கோடியில் நிற்கும் வண்டியின் நம்பரை அறையிலிருந்தே படிப்பார்.

அனுமதி வர மூன்று நாள் ஆனது. ஐந்து கேள்விகள் கேட்டார்கள். ஐந்துக்கும் பொய் எழுதினேன். தொண்ணூற்றேழு நாற்பத்திரண்டாக மாறியது. அண்ணா அட்டையை வாங்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, வீட்டுக்கு உயிரோடு அனுப்பி வைக்கிறீங்க என்றார். அவருடைய முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. கண் தெரியாதவனைக் கேரளாவுக்கு அனுப்ப முடியாது என்று உள்ளூர் நடைக்கு மாற்றிவிட்டார். பண்ணையிலிருந்து மோகனூர் சாலை வழியாகக் கிடங்கு வரைக்கும், ஒரு நாளைக்கு ஆறு நடை. மையத்தைக் கடந்து போகும்போதெல்லாம் ஹாரனை ஒருமுறை லேசாகத் தட்டுவார். எனக்கு அது கேட்கும். பத்து நாள் தினமும் கேட்டது. தூங்குமூஞ்சி வண்டிகள் இப்போது தனக்குக் காத்து நிற்கின்றன, கல்யாண மாப்பிள்ளை மாதிரி போகிறேன் என்று ஒருமுறை நிறுத்திச் சொல்லிவிட்டுப் போனார். அந்தப் பத்து நாளும் நான் சந்தோஷமாக இருந்தேன். அதை எழுதாமல் விடக் கூடாது.

பதினோராம் நாள் காலை ஹாரன் கேட்கவில்லை. பத்து மணிக்குச் செய்தி வந்தது. மோகனூர் சாலையில், வாய்க்காலை ஒட்டிய பகுதியில், ஒரு பால் வண்டி வாய்க்காலுக்குள் போய்விட்டது. ஓட்டியவள் கோகிலவாணி.

பதிவைத் திறந்தேன். திறக்காமல் இருந்திருக்கலாம். தானாக ஓடும் கார் ஒன்று பால் வண்டியை முந்தியிருக்கிறது. எதிரில் முட்டை வண்டி. சாலையின் அகலத்தில் மூன்று வண்டிகள் கொள்ளாது. ஓரத்து வண்டிகள் இரண்டில் ஏதாவது ஒன்று தன் இடது பக்கத்து மண்ணில் இறங்க வேண்டும். வரைபடத்தில் இரண்டு பக்கமும் மண் ஒன்றரை மீட்டர். முட்டை வண்டி ஓட்டுநர் நாற்பத்திரண்டு. பால் வண்டி ஓட்டுநர் எண்பத்தொன்று. பெட்டி எண்பத்தொன்றைக் கேட்டது. அவள் பக்கத்து மண்ணை ஐப்பசி மழை அரித்துத் தின்றுவிட்டது வரைபடத்துக்குத் தெரியாது.

கார் வேகம் குறைத்திருக்கலாமா என்ற கேள்வி பதிவில் எங்கும் இல்லை. ஒதுங்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருக்கும்வரை அதைக் கேட்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் பார்த்தேன். ஸ்டியரிங் அதிர்ந்து அரை விநாடிக்குள் அவள் திருப்பியிருக்கிறாள். கையை இறுக்கவில்லை. டயர் மண்ணில் இறங்கியதும் ஏற்றப் பார்க்கவில்லை. நான் சொன்னபடியே செய்திருந்தாள்.

மூன்றாம் நாள் அண்ணா வந்தார். இந்த முறை செருப்பைக் கழற்றவில்லை, உட்காரவும் இல்லை. போலீஸில் எழுதிக் கொடுத்துவிட்டு நேராக வந்ததாகச் சொன்னார்.

“என்னைய ஒதுங்கவே சொல்லலீங்க அம்மணி. அதுவா பிரேக்கைப் புடிச்சு வண்டிய நிறுத்திப் போட்டுது. எம்பக்கம் வெறுஞ் சோளக்காடு. இறங்கியிருந்தா நாலு அட்டை முட்டை ஒடைஞ்சிருக்கும். அம்புட்டுத்தான்.”

அவர் இறங்கி ஓடி வாய்க்காலில் குதித்திருக்கிறார். கதவைத் திறக்க முடியவில்லை. கண்ணாடியை உடைத்து அவளை வெளியே இழுத்தபோது உயிர் இல்லை. இதையெல்லாம் தணிந்த குரலில், ஒரே சீராகச் சொல்லிக்கொண்டு போனார். ஒரு இடத்தில் மட்டும் நின்றார்.

“அந்தப் பெட்டி தண்ணிக்குள்ள இருந்து நன்றிங்குதுங்க. நான் அந்தப் புள்ளையத் தூக்கறேன், அது நன்றிங்குது.”

பிறகு கேட்டார், அவளுக்கு எண்பத்தொன்று போட்டது நான்தானா என்று. தலையசைத்தேன். அவர் என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார்.

“பழைய மார்க்கைப் போட்டுக் குடுங்க.”

மறுபடி பழையபடி ஆகிவிடும் என்றேன். இந்த முறை மோகனூர் சாலை; ஒரு பக்கம் முழுக்க வாய்க்கால். திரும்பி வரும் நடையில் அவர் பக்கம்தான் தண்ணீர் இருக்கும். பெண் பன்னிரண்டாவது என்று அவரே சொன்னதை நினைவுபடுத்தினேன். நான் அவ்வளவு பேசியது எனக்கே புதிதாக இருந்தது.

“தெரியுமுங்க. எனக்குப் போட்ட நன்றி அவளுக்குப் போயிருச்சுங்க. அத வெச்சுட்டு என்னால சோறு திங்க முடியல. போடுங்க.”

போட்டேன். தொண்ணூற்றேழு என்று அடித்து விசையைத் தட்டியதும் ஏறிவிட்டது. காரணம் கேட்கவில்லை. கையெழுத்துக் கேட்கவில்லை. குறைக்க மூன்று நாள் ஆன இடத்தில் கூட்ட மூன்று விநாடி ஆனது. ‘திறன் மேம்பாட்டுக்கு வாழ்த்துகள்’ என்று திரையில் வந்தது. அவர் பார்ப்பதற்குள் மூடிவிட்டேன். அட்டையை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு அவர் போனார். முட்டை வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது. ஹாரன் அடிக்கவில்லை.

தலைமை அலுவலகத்துக்கு எழுதினேன். கார்கள் வேகம் குறைக்க முடியுமா என்று முதலில் கேட்க வேண்டும், அதன் பிறகுதான் ஒதுங்குபவரைத் தேட வேண்டும் என்று இரண்டு பக்கம். ஒரு வாரத்தில் பதில் வந்தது. கார் வாங்குபவர்கள் தடங்கலற்ற பயணத்தை எதிர்பார்க்கிறார்கள். மொத்த உயிரிழப்பு தொடர்ந்து குறைகிறது. தங்கள் அக்கறைக்கு நன்றி.

அந்தப் பதிலைப் படித்த பிறகு என் ஸ்கூட்டரின் எண்ணைப் பதிவில் போட்டுத் தேடினேன். அதற்கு முன் ஏன் தேடவில்லை என்று தெரியவில்லை. என் பெயருக்கு நேரே ‘மதிப்பெண் இல்லை’ என்றும், பக்கத்தில் ‘வழிவிடப்பட வேண்டியவர்’ என்றும் இருந்தது. இரண்டு வருடத்தில் எனக்காக மற்றவர்கள் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு முறை ஒதுங்கியிருந்தார்கள். எல்லாம் நான் பயிற்சி கொடுத்த பெயர்கள். செங்கோட்டுவேல், பதினேழு முறை. கோகிலவாணி, நாற்பத்தொன்று. அவள் பால் எடுக்கப் போகும் நேரமும் நான் வேலைக்கு வரும் நேரமும் ஒன்று. எதிரில் வரும்போது கை காட்டுவாள். வண்டியை மண்ணில் இறக்கிக்கொண்டே கை காட்டுவாள். எவ்வளவு பிரியம் என்று நினைத்துக்கொண்டு நானும் சாலையை விட்டு இறங்காமலே கை காட்டிவிட்டுப் போயிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை, எல்லோரும் போன பிறகு, கூண்டுக்குள் ஏறினேன். இரண்டு வருடம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்றவளுக்கு இருக்கை உயரமாக இருந்தது. நாய் வந்தது. பைக் வந்தது. சைக்கிள் எந்த நொடியில் வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வந்தபோது பிரேக்கை அழுத்தியே மிதித்துவிட்டேன். தவிர்த்தேன். எண்பத்தெட்டு வந்தது. என் அட்டையை நானே செருகி, நானே ஏற்றினேன். இதனால் அண்ணாவின் தொண்ணூற்றேழுக்கு ஒன்றும் ஆகப் போவதில்லை. அவரும் நானும் எதிர்ப்பட்டால் இன்னமும் அவர்தான் ஒதுங்குவார். எண்பதும் எழுபதும் வைத்திருப்பவர்களுக்கு நான் ஒரு ஆள் குறைந்தேன், அவ்வளவுதான்.

திங்கட்கிழமை தங்கராசு சார் தேர்வுப் பட்டியலைப் பார்க்கும்போது என் பெயருக்கு எதிரே இருந்த எண்ணைப் பார்த்துவிட்டார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எத்தனையோ சொல்லப் போகிறவர் மாதிரி இருந்தது.

“கண்ணு நல்லாத் தெரியுதாம்மா உனக்கு?” என்று மட்டும் கேட்டார்.

தெரிகிறது சார் என்றேன்.

வகுப்பில் நாற்பத்தொரு பேர் இருந்தார்கள். பலகைப் பக்கம் திரும்பி நின்று ஆறு வரிகளைப் படித்தேன். ஏழாவதையும் ஒரே மூச்சில் முடித்துவிட்டேன். முன்வரிசையில் ஒரு புது டாக்சிக்காரர் சும்மா வாயைக் கிளறினார்: மேடம் எத்தனை மார்க் என்று. எண்பத்தெட்டு என்றேன். எல்லோரும் கை தட்டினார்கள். பக்கத்தில் சால்வையோடு அண்ணா படத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை ஐந்தரைக்கு ஸ்கூட்டரை எடுத்தேன். வாய்க்கால் பகுதியில் மண் அரித்த இடத்தில் இரண்டு முள்கிளைகளை வெட்டிப் போட்டிருந்தார்கள். அதைக் கடந்து கொஞ்ச தூரத்தில், எதிரில், ஒரு கரும்பு வண்டியை முந்திக்கொண்டு வெள்ளைக் கார் ஒன்று என் பக்கம் வந்தது. தினமும் வருகிற மாதிரிதான் வந்தது. தினமும் வேகம் குறைக்கிற மாதிரி அது குறைக்கும் என்று என் கை அதுபாட்டுக்கு நேராகவே போனது. கைப்பிடி அதிர்ந்தது. இடது என்று குரல் வந்தது.

கையை இறுக்கவில்லை. சரளையில் இறங்கினேன். வண்டி ஒருமுறை வழுக்கி, வேலிக்கல்லுக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. கார் அதே வேகத்தில் கடந்தது. பின் இருக்கையில் ஒருவர் வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கண்ணாடியில் சாய்ந்திருந்த அவர் தலை, கார் வளைந்தபோதுகூட அசையவில்லை.

காலை ஊன்றி நின்றேன். புழுதி அடங்க நேரமானது. அது அடங்குவதற்குள், கைப்பிடிக்குக் கீழே இருந்த பெட்டியிலிருந்து, என்னிடம் முதல்முறையாக, அந்தக் குரல் நன்றி சொன்னது.